அவள் கை வைத்தால் நெட் போகும்

“தம்பி, மெஷினைப் பாக்கவேணாம். அந்தப் பொண்ணைப் பாரு” என்றார் முதலாளி.

கதவைச் சாத்திவிட்டுத்தான் அதைச் சொன்னார். அடுத்த அறையில் அந்தப் பெண் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவருடையது இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டுக்குள் ஒரு சின்னத் தொழிற்சாலை. கார் கதவின் ஓரத்தில் தண்ணீர் புகாமல் இருக்க ஒட்டுகிற ரப்பர் பட்டை செய்து, பக்கத்திலேயே இருந்த பெரிய கார் கம்பெனிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். ரெண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையில் பாதியை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கற்ற தொழில் இல்லை. கெட்டுப்போன பெட்டிகளைத் திறந்து மூடித் திறந்து மூடி வந்தது. நான் பெட்டியைத் திறந்தால் சுற்றி நாலு பேர் வந்து நிற்பார்கள், பேசுவார்கள். அந்தப் பேச்சுக்காகவே சில பெட்டிகளை நான் மெதுவாக மூடியதுண்டு.

விஷயம் இதுதான். கார் கம்பெனி தன் இணையப் பக்கத்தில் தினமும் விடியற்காலையில் ஒரு பட்டியலைப் போடும். இன்றைக்கு எந்த மாடலுக்கு எத்தனை பட்டை, எந்த கேட்டுக்கு, எத்தனை மணிக்குள். அதை இறக்கி, பிரிண்ட் போட்டு, அதன்படி வேனில் சரக்கு ஏற்ற வேண்டும். பட்டை போகவில்லை என்றால் அங்கே கார்களைப் பூட்டுகிற லைன் நின்றுவிடும். ‘லைன் ஸ்டாப்’ என்ற வார்த்தையை அந்தப் பக்கத்து முதலாளிகள் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் பாம்பைப் பாம்பு என்று சொல்லாமல் ‘பூச்சி’ என்பார்களே, அப்படி.

மூன்று வாரமாக ஃபர்ஸ்ட் ஷிஃப்டில் நெட் வருவதில்லை. கம்ப்யூட்டர் வேலை செய்கிறது, மோடத்தில் விளக்கெல்லாம் எரிகிறது, பக்கம் மட்டும் திறக்காது. ஒன்பது மணிக்குக் கணக்குப் பார்க்கிறவர் வந்து உட்கார்ந்தால் வந்துவிடும். அதற்குள் வேன் தாமதமாகியிருக்கும். இரண்டு முறை கார் கம்பெனியிலிருந்து போனில் திட்டு வாங்கியாயிற்று.

“அவரு கை வெச்சா வருது. இந்தப் பொண்ணு கை வெச்சா போவுது. அதே மெஷின், அதே சேர். நீயே சொல்லு” என்றார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்தினார். “அவ அண்ணங்காரன் ஒரகடத்துல சேர்ந்துகிறான், தெரியுமா? நம்மள மாதிரியே பட்டை போடுற கம்பெனி. போன மாசம்தான் சேர்ந்தான். நம்ம நெட்டு எப்ப போவ ஆரம்பிச்சுது? போன மாசம்தான்.”

சந்தேகத்தில் இது ஒரு தினுசு. தேதிகள் பொருந்திவிட்டால் போதும், மீதியை அதுவே தைத்துக்கொள்ளும்.

“சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீ கண்டுபுடிச்சா சரி. இல்லாங்காட்டி வேற ஆளப் போட்டுடுவேன்.”

சனிக்கிழமை அந்தப் பெண்ணின் வேலை போகும் என்பதுதான் அதற்கு அர்த்தம். வேலை மட்டும் போனால் பரவாயில்லை. அந்த வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் பேசுவது டீ ஆறுவதற்குள் அடுத்த தொழிற்சாலைக்குப் போய்விடும். அண்ணனுக்காக நெட்டை அறுத்தவள் என்று பெயர் வந்தால், பிறகு எந்த கேட்டில் போய் நிற்பாள்?

அவள் வல்லக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். பிளஸ் டூ முடித்து, அந்தக் கம்பெனியின் கேட்டில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். நன்றாக எழுதுகிறாள், விவரமாக இருக்கிறாள் என்று அனுப்புகைப் பிரிவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். அப்படி வைத்ததும் இதே முதலாளிதான். அவள் வீட்டில் மாதா மாதம் வருகிற சம்பளம் அவளுடையது ஒன்றுதான். அண்ணன் கல்யாணமாகித் தனியாகப் போய்விட்டான்.

முதல் நாள் நான் போனது மத்தியானம். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் திறந்தது. எனக்கே எரிச்சல். டாக்டரிடம் போனதும் காய்ச்சல் விடுகிற மாதிரி சில பெட்டிகள் உண்டு. நானும் வெறுங்கையோடு போகக்கூடாது என்று டெலிபோன் ஒயரை மாற்றினேன், மோடத்தை ஜன்னல் ஓரத்திலிருந்து நகர்த்தினேன், பின்னால் எலி கடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

“எலியா தேடுதீய?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வேன் டிரைவர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், நாலு பேரோடு ஒரு அறையில் தங்கியிருந்தார். வேலை இல்லாத நேரத்தில் அனுப்புகை அறை வாசலில் சாய்ந்து நின்று எல்லோரையும் சீண்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. “எலி கடிச்சா எந்நேரமும்லா நெட்டு வராது? காலைல மட்டும் கடிச்சிட்டு ஒம்போது மணிக்கு ஒட்டி வைக்குற எலிய எங்க ஊர்ல பாத்ததில்ல.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. நான் கை துடைக்கத் துணி கேட்டபோது கொடுத்தாள். கொடுத்தபடியே, “சார் உங்ககிட்ட இன்னா சொன்னாரு?” என்று கேட்டாள்.

“நெட்டு வரலைன்னு சொன்னாரு.”

“அத்த சொல்றதுக்குக் கதவைச் சாத்துவாங்களா?”

நான் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். டிரைவர் மட்டும் வாசலில் இருந்தபடி, “பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாவ” என்றார். யாருக்காகச் சொன்னார் என்று அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் மேலும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வேன் தாமதமானால் அவருக்கு ஓவர்டைம் கிடைக்குமோ? பாருங்கள், அரை நாளில் எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டது.

மறுநாள் வியாழன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் தொடங்குகிற நேரத்துக்கே போய்விட்டேன். லைனில் ஆட்கள் வரிசையாக நின்று கை காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். கார் கம்பெனியைப் பார்த்துப் பழகிய வழக்கம் அது. அவள் அதை முடித்துவிட்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் நடை கொஞ்சம் தயங்கியது.

ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை வந்தது. மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. அவள் உதடு அசைய ஏதோ படித்தாள், ஒரு அமுக்கு அமுக்கினாள். இன்னொரு பெட்டி. மறுபடி படித்தாள், அமுக்கினாள். போய்விட்டது. பிறகு கார் கம்பெனிப் பக்கத்தைத் திறந்தாள். பக்கம் திறக்கவில்லை. வெள்ளையாக நின்றது.

என் மனதில் என்ன ஓடியது என்று சொல்லவா? ‘சாமர்த்தியசாலி. என் கண் முன்னாலேயே எதையோ மூடிவிட்டாள்.’ மடியில் கனமில்லாதவள் ஏன் இவ்வளவு அவசரமாக மூட வேண்டும்?

“இப்ப என்னம்மா மூடின?”

அவள் திரும்பினாள். “இன்னாண்ணா, என் கையையே பாத்துகினு கீறீங்க? மெஷினப் பாக்கத்தான வந்தீங்க?”

“இல்ல, ஒரு பாக்ஸ் வந்துச்சே…”

“வந்துச்சு. போச்சு.”

“அதுல என்ன போட்டிருந்துச்சு?”

“சொன்னா அத்தையே புடிச்சுகினு சார்கிட்ட போய் நிப்பீங்க. சனிக்கிழமை வேற ஆள் வராங்களாமே. நானா கேக்கல, கேண்டீன்ல சொன்னாங்க. ஊருக்கு இளைச்சவன் புள்ளையார் கோயில் ஆண்டின்னுவாங்க. இங்க நான்தான் இளைச்சவ.”

கையை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளைத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே வேன் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார், இரண்டாவது முறை அடித்தார், பிறகு இன்ஜினையே நிறுத்திவிட்டு வந்து வாசலில் சாய்ந்துகொண்டார்.

ஒன்பது மணிக்குக் கணக்குப் பார்க்கிறவர் வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் டிபன் பை. நெட் வரவில்லை என்று யாரும் சொல்லவே வேண்டியதில்லை. “நகரும்மா” என்றார், உட்கார்ந்தார், கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டார். அந்த மேஜையில் யார் எதைச் சொன்னாலும் அவருடைய வைத்தியம் அது ஒன்றுதான். திரை வந்தது. மூலையில் பெட்டி எழும்பியது. அவர் டிபன் பையை மேஜைக்கு அடியில் தள்ளிக்கொண்டே, திரையைப் பார்க்காமல்கூட, ஒரு தட்டு. இன்னொரு பெட்டி, இன்னொரு தட்டு. பக்கம் திறந்தது.

“பாத்தியளா? கைராசி!” என்றார் டிரைவர். கணக்கர் பெருமையை மறைத்துக்கொள்ள விபூதியைத் தொட்டுக்கொண்டார்.

“சார், இப்ப ஒரு பாக்ஸ் வந்துச்சே, என்ன அமுக்கினீங்க?” என்று கேட்டேன்.

“ஏதோ கேட்டுது. யெஸ்ஸுன்னேன்.”

“என்ன கேட்டுது?”

“அத யாரு படிச்சா? கேட்டா யெஸ்ஸுன்னு சொல்லிடணும் தம்பி. அப்பத்தான் வேல நடக்கும். முப்பது வருஷ சர்வீஸ்ல நான் கத்துகினது.”

அப்போதுதான் எனக்குள் ஏதோ சரிந்து உட்கார்ந்தது. கம்ப்யூட்டரை நானே நிறுத்திப் போட்டேன். பெட்டி வந்தது. இந்த முறை குனிந்து படித்தேன்.

ஃபயர்வால். கம்ப்யூட்டருக்குக் காவலாகப் போடுகிற மென்பொருள். உள்ளே இருக்கிற எந்த புரோகிராம் இணையத்துக்குப் போக வேண்டுமென்றாலும் அது நடுவில் நின்று நம்மிடம் கேட்கும்: இன்னார் வெளியே போகணும் என்கிறார், விடலாமா வேண்டாமா? ‘இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்’ என்று கீழே ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் மறுபடி கேட்காது. போடாவிட்டால் கம்ப்யூட்டரைப் போடுகிற ஒவ்வொரு முறையும் கேட்கும்.

அன்று கேட்டது ‘ஜெனரிக் ஹோஸ்ட் ப்ராசஸ்’ என்ற ஒரு ஆசாமிக்காக. பெயரைப் பார்த்தால் திருடன் மாதிரிதான் இருக்கும். உண்மையில் அது கம்ப்யூட்டரோடு கூடப் பிறந்தது. நாம் ஒரு பக்கத்தின் பெயரைத் தட்டினால், அது எந்த இடத்தில் இருக்கிறது என்று வெளியே போய் விசாரித்து வருவது அதுதான். அதை விடாவிட்டால் விலாசம் தெரியாது. விலாசம் தெரியாமல் எந்தப் பக்கம் திறக்கும்?

நோ அமுக்கினேன். பக்கம் திறக்கவில்லை. நிறுத்திப் போட்டு யெஸ் அமுக்கினேன். திறந்தது.

“இதான்” என்றேன்.

கைராசியை அவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்க அங்கே யாரும் தயாராக இல்லை. “நீங்க மெக்கானிக்கு. உங்க கைக்கு எல்லாம் கேக்கும்” என்றார் டிரைவர். சரி என்று கணக்கரை நோ அமுக்கச் சொன்னேன். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “என் கையால நெட்டு போச்சுன்னு பேரு வரணுமா? நான் மாட்டேன்ப்பா.”

“அப்ப நீ யெஸ் அமுக்கும்மா” என்றேன் அந்தப் பெண்ணிடம்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை ஒரு சொட்டு கிடையாது. இதுவும் ஒரு பொறி என்றுதான் நினைத்தாள். “எல்லாரும் பாத்துக்கங்க. அண்ணன் சொல்றாரு, அமுக்குறேன். நாளைக்கு வைரஸ் வந்தா என்னச் சொல்லக்கூடாது” என்று மூன்று பேரையும் சாட்சி வைத்துவிட்டு அமுக்கினாள். பக்கம் திறந்தது.

அவள் முகம் மலரவில்லை. சிவந்தது. “அப்ப மூணு வாரமா இந்த ஒரு ‘நோ’வுக்குத்தான் என்னப் போய்…” என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

“நீ ஏம்மா நோ போட்ட?”

“சார்தான் சொன்னாரு.”

முதலாளி வந்ததும் நானும் அவளும் அவர் அறைக்குப் போனோம். நான் விவரத்தைச் சொன்னேன். அவர் கண்ணைச் சுருக்கிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “ரெண்டு பேரும் பேசி வெச்சுகினு வந்தீங்களா?”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவருடைய பேய்க் கணக்கில் நேற்றுவரை அவள் ஒருத்தி; இப்போது நானும் சேர்ந்துவிட்டேன்.

“இந்த ஃபயர்வாலைப் போட்டது யாரு சார்?” என்றேன்.

“நான்தான். கம்ப்யூட்டர் பத்திரிகையோட சிடி குடுத்தான், அதுல இருந்துச்சு. வைரஸ் வந்து ஒரு தடவ பட்டது போதும்னு ஒரு ஞாயித்துக்கிழமை நானே வந்து போட்டேன்.”

“எந்த ஞாயிறு?”

அந்தப் பெண் சொன்னாள். “நெட்டு போவறதுக்கு மொத நாளு சார். திங்கக்கெழமை காலைல என்னக் கூப்ட்டு சொன்னீங்க. ‘பாக்ஸ் வரும். பேரு தெரிஞ்சவன்னா உள்ள வுடு, பேரு தெரியாதவன் எவன் கேட்டாலும் நோ போடு’ன்னீங்க. கேட்ல உக்காந்திருந்தப்பவும் அத்தையேதான சொன்னீங்க? பேரு சொல்லி வெக்காத ஆளு யாரு வந்தாலும் திருப்பி அனுப்புன்னு. நான் கேட்லயும் அனுப்புனேன், இங்கயும் அனுப்புனேன்.”

“கணக்கருக்கு?” என்று கேட்டேன்.

“அவரு அன்னிக்கு லீவு. அவருக்கு யாரும் சொல்லல.”

சொன்னபடி கேட்டவளுக்கு நெட் வரவில்லை. சொல்லே காதில் விழாதவருக்குக் கைராசி. முதலாளி மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். மன்னிப்பு மாதிரி ஏதாவது வரும் என்று நான் காத்திருந்தேன். “நான் வைரஸத்தான் சொன்னேன். கம்ப்யூட்டரோட சொந்த சாமானையா சொன்னேன்?” என்றார். அவ்வளவுதான் வந்தது.

“பரவால்ல சார். யெஸ் போட்டு, கீழ ஒரு டிக் போட்டுட்டா இனிமே அது கேக்காது” என்று நான் எழுந்தேன்.

“டிக் போடாதீங்கண்ணா” என்றாள் அவள்.

எனக்கும் முதலாளிக்கும் புரியவில்லை.

“தெனமும் கேக்கட்டும். சாரே வந்து அமுக்கட்டும். நான் கை வெக்க மாட்டேன். நாளைக்கு வேற எதுனா நின்னுச்சுன்னா மறுபடி என் கையத்தான் பாப்பீங்க, எங்க அண்ணனத்தான் இழுப்பீங்க. என் கை அந்த பாக்ஸ்மேல படலன்னா ஒரு பேச்சும் வராது பாருங்க.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. அவர் யோசித்தார். அவர் யோசிக்கிறது எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி தெரிந்தது: இவள் ஏன் வேண்டாம் என்கிறாள்? இதில் என்ன சூது? எதற்கும் நாமே அமுக்குவது நல்லது. “ஆவட்டும், நானே வரேன்” என்றார்.

அப்படித்தான் அந்தக் கூத்து தொடங்கியது. அவர் வீடு காஞ்சிபுரத்தில். வழக்கமாகப் பத்து மணிக்கு வருகிறவர், இருட்டு பிரிவதற்குள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு காரில் வந்து இறங்கினார். லைன் ஆட்கள் கை காலை நீட்டி மடக்கும்போது அவர் அந்தச் சின்னப் பெட்டி முன்னால் உட்கார்ந்து யெஸ் அமுக்கினார். அவள் இரண்டடி தள்ளிக் கைகட்டி நிற்பாள். அமுக்கியதும், “தேங்க்ஸ் சார்” என்பாள். டிரைவர் இதைப் பார்க்கவென்றே சீக்கிரம் வர ஆரம்பித்தார். “மொதலாளியவ ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுல சேந்துட்டாவ. பட்டன் ஆபரேட்டர் வேல” என்று என் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை வந்தது, போனது. வேறு ஆள் யாரும் வரவில்லை. ஆனால் கேண்டீன் பேச்சும் அடங்கவில்லை. “ஏதோ இருக்கப் போய்த்தான மொதலாளியே வந்து ஒக்காறாரு” என்றார்களாம். அவள் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. அவர் வந்து அமுக்க அமுக்க, அவள்மேல்தான் கறை ஏறியது.

இது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் பிரிண்டரில் பேப்பர் சிக்குகிறது என்று விடியற்காலையில் கூப்பிட்டிருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளியின் நாற்காலி காலி. வேனில் பாதிச் சரக்கு ஏறியிருந்தது. பட்டியல் இல்லாமல் மீதி எதை ஏற்றுவது என்று இரண்டு லோடுமேன்களும் சூப்பர்வைசரும் டிரைவரும் அனுப்புகை அறைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். திரையில் பெட்டி கேட்டபடி இருந்தது. யாரும் தொடவில்லை.

நான் பிரிண்டரைத் திறந்து சிக்கிய பேப்பரை எடுத்து மூடுகையில் போன் அடித்தது. அவள் எடுத்தாள்.

“சுங்குவார்சத்திரத்துல லாரி கவுந்துகிதாம், சார் மாட்டிக்கினாரு” என்று எங்களிடம் சொல்லிவிட்டு, ஸ்பீக்கர் பட்டனைத் தட்டி ரிசீவரைக் கீழே வைத்தாள். முதலாளியின் குரல் அறை முழுக்க வந்தது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

“…கேக்குதா? இன்னிக்கு நீயே அமுக்கிடும்மா.”

“எத்த சார்?”

“அதான், அந்த யெஸ்ஸு.”

“எங்க அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு அமுக்கட்டுமா சார்?”

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். டிரைவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

“வண்டி நிக்குதும்மா. லைன் ஸ்டாப் ஆயிடும்” என்றார் முதலாளி. அவர் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டது அப்போதுதான்.

“அதுக்குத்தான் சார் பயமா கீது. நான் கை வெச்சு நெட்டு போச்சுன்னா?”

“போவாது. உன் கையால ஒண்ணும் போவல. நான் சொன்னதத்தான் நீ செஞ்ச.”

“இங்க ஒரே சத்தம் சார். சரியா கேக்கல.”

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். அவர் காரை விட்டு இறங்கியிருக்க வேண்டும். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்த நெடுஞ்சாலையில், கவிழ்ந்த லாரிக்குப் பின்னால், அத்தனை வண்டிகளுக்கு நடுவில் நின்று அவர் கத்தினார்:

“தப்பு என்னுதும்மா! உன் மேல ஒண்ணும் இல்ல! அமுக்கு!”

“சரிங்க சார்” என்றாள். ஸ்பீக்கரை அணைத்தாள். நாற்காலியை முன்னால் இழுத்து உட்கார்ந்தாள். பெட்டியில் இருந்ததை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் உதடு அசையப் படித்தாள். அதற்குள் டிரைவர் ஒற்றைக்காலில் நின்றார். பிறகுதான் அமுக்கினாள். பட்டியல் இறங்கியது. நான் சரிசெய்த பிரிண்டர் கறகறவென்று இழுத்துக்கொண்டு ஓடியது.

பேப்பரைக் கிழித்து டிரைவர் கையில் திணித்தாள்.

“இன்னா வாயப் பாத்துகினு நிக்கிறீங்க? வண்டிய எடுங்க.”